காட்டன் சேலையும் கஞ்சியும்: கெட்டி இருக்கட்டும், ஈரத்தைப் பாருங்கள்

காட்டன் சேலை கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இது வந்தே தீரும். வாங்கும்போது இருந்த விறைப்பு நாலைந்து துவையலில் போய்விடும், கொசுவம் நிற்காது, முந்தானை தோளில் தங்காமல் சரிந்துகொண்டே இருக்கும், ஆபீஸில் மத்தியானம் கண்ணாடியில் பார்த்தால் கட்டிக்கொண்டு தூங்கி எழுந்தது போல் இருக்கும். சரி, கஞ்சி போடலாம் என்று வீட்டிலேயே இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு கெட்டியா போடணும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைக்கிற நேரத்தில் அந்தத் துணியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதில்தான் பாதிக்கு மேல் காரியம் இருக்கிறது. கஞ்சி சரியாக இருந்தும் சேலை கெட்டுப்போனதாகச் சொல்பவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒன்று மொறுமொறுவென்று காயவிட்டுத் தேய்த்திருப்பார்கள், இல்லையென்றால் சொட்டச் சொட்டத் தேய்த்திருப்பார்கள்.

முதலில் புதுச் சேலையின் விறைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அது நெசவுக்காகப் போட்ட கஞ்சி. பருத்திப் பாவு நூலில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலில், கஞ்சி ஏற்றாமல் தறியில் ஓட்டினால், குறுக்கு நூலை நெருக்குகிற அச்சு வந்து வந்து அடிக்கிற அடியில் நூலில் பிசிறு எழும்பி, பக்கத்து நூலோடு சிக்கி, அறுந்துகொண்டே இருக்கும். அதனால் கைத்தறி ஊர்களில் விடியற்காலையில் தெருவோடு தெருவாகப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றி, பெரிய பிரஷ்ஷால் நீவி நீவி விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், ஏனென்றால் நீவி முடிப்பதற்குள் கஞ்சி காய்ந்துவிட்டால் நூலும் நூலும் ஒட்டிக்கொள்ளும். மழை வந்தால் அன்றைக்கு வேலை போச்சு. ஈரம் எப்போது இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்ற கணக்கு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் கஞ்சி முதல் சில துவையலில் கரைந்து போகும், அதன் இடத்தில் நாம் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வங்காளத்திலிருந்து வருகிற தாந்த் சேலைகளில் கடைக்கஞ்சி இன்னும் அதிகம், அதைப் பார்த்து "என்ன தரமான துணி" என்று ஏமாற வேண்டாம், ஒரு தடவை தண்ணீரில் போட்டால்தான் துணியின் உண்மையான கனம் தெரியும்.

எங்கள் பாட்டி காலத்தில் கஞ்சிக்கென்று தனியாக எதுவும் செய்ததில்லை. சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்து, உப்புப் போடுவதற்கு முன்பே ஒதுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு வேட்டியை முக்கி எடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் காலி செய்தது டெரிலின் என்கிற பாலியஸ்டர் சட்டை என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. டெரிலினும் டெரிகாட்டனும் வந்து கஞ்சியின் தேவையைக் குறைத்தன. ஆனால் கஞ்சியையே இல்லாமல் பண்ணியது பிரஷர் குக்கர். அளவாகத் தண்ணீர் வைத்து மூணு விசில் விடுகிற வீட்டில் வடிகஞ்சி எங்கிருந்து வரும்? அப்புறம் காட்டன் திரும்ப வந்தபோது, போடுவதற்குக் கையில் கஞ்சி இல்லை. அதனால்தான் மைதாவும் பாக்கெட் பவுடரும் ஸ்பிரேயும்.

நான் ஜவ்வரிசிக் கட்சி. அம்மாவின் ஊர் ஆத்தூர் பக்கம் என்பதால் ஊர்ப்பாசம் இருக்கலாம், மறுக்கவில்லை. சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு மில்கள் நிறைய, அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது புளித்த வாடை முதலில் வரும், அப்புறம் வெள்ளை வெளேரென்று மாவும் ஜவ்வரிசியும் காய்கிற களங்கள் கண்ணில் படும். நம் ஊரில் ஜவ்வரிசி என்பது மரவள்ளி மாவிலிருந்து உருட்டியதுதான், மலேயாப் பக்கத்துப் பனை ஜவ்வரிசி வேறு. சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் சேலத்தில் இந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. பாயசத்துக்கும் வடாமுக்கும் போகிற அதே சரக்குதான், ஆனால் கஞ்சிக்கு வாங்கும்போது உடைந்த குருணை கிடைத்தால் அதுவே போதும், விலையும் குறைவு, சீக்கிரமும் வேகும்.

ஜவ்வரிசியை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஊர்ப்பாசத்தைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. மரவள்ளி மாவு வெந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். கோதுமை மாவில் கொழுப்பும் புரதமும் கலந்திருப்பதால் மைதாக் கஞ்சி எவ்வளவு காய்ச்சினாலும் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை வேட்டிக்கு அது தெரியாது. கறுப்பிலோ கருநீலத்திலோ மைதாக் கஞ்சி போட்டுப் பாருங்கள், மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூத்தது தெரியும். போஸ்டர் ஒட்டுகிற பசையும் அந்த மைதாதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. ஒரு சேலைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி. அரைமணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். மாவுமணிகள் 60-70 டிகிரி வாக்கில் தண்ணீரைக் குடித்து உப்பி உடைந்து, உள்ளே இருக்கிற நீளமான ஸ்டார்ச் சங்கிலிகள் வெளியே வந்து தண்ணீரில் கலக்கின்றன. அந்தச் சங்கிலிகள்தான் பின்னால் நூலைச் சுற்றிப் படலமாகப் படியப்போகிறவை. நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், வேகாத மாவு துணியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நன்றாக வெந்ததும் சூடு இருக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் ஏடு படர்ந்து கட்டி தட்டும். அந்தக் கட்டி ஒன்று முந்தானையில் போய் உட்கார்ந்தால் தேய்க்கும்போது பளபளவென்று ஒரு திட்டு விழும். வடிகட்டியதை அரை பக்கெட் தண்ணீரில் கரைத்தால் நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். கதர், செட்டிநாட்டுக் கண்டாங்கி மாதிரி கனமான துணிக்கு இன்னும் நீர்க்கவிடலாம், அவை உடம்பிலேயே விறைப்பு உள்ளவை. மல்மல் மாதிரி மெலிசான துணிக்குக் கெட்டிக் கஞ்சி போட்டால் மடிப்பில் ஒடிந்து நூல் விட்டுப்போகும், அதற்கும் இலேசாகத்தான். ஆக, கெட்டியாகப் போட வேண்டிய துணி என்று ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

துவைத்த துணியில் சோப்பு மிச்சம் இருக்கக்கூடாது. பிழிந்து, ஈரத்தோடேயே கஞ்சியில் முக்க வேண்டும். காய்ந்த துணியை முக்கினால் முதலில் படுகிற இடம் நிறையக் குடிக்கும், மீதிக்குத் தண்ணீர்தான். நல்ல நிறம் உள்ள சேலையை உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காயப்போடுங்கள், வெள்ளையை வெயிலில் போடுங்கள். நீலம் போடுகிறவர்கள் அதைக் கடைசி அலசலில் முடித்துவிட்டு அப்புறம் கஞ்சிக்கு வாருங்கள், கஞ்சியிலேயே சொட்டுகிறவர்கள் வீட்டு வேட்டியில் வரிவரியாக நீலம் பார்த்திருக்கிறேன்.

இனிமேல்தான் ஈரத்தின் வேலை. சேலை முழுக்கக் காய்வதற்கு முன்னால், தொட்டால் குளிர்ச்சி தெரிகிற நிலையில், கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். சும்மா இல்லை, மூலைக்கு மூலை, குறுக்கே ஒரு தடவை, நேரே ஒரு தடவை, படக்கென்று உதறி உதறி. கஞ்சி போட்ட துணி காயும்போது நூல்கள் சுருங்கிக் கோணுகின்றன, பார்டர் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, ஈரம் இருக்கும்போது இழுத்தால் அது நேராகும், காய்ந்தபின் எந்தப் பெட்டியாலும் ஆகாது. எங்கள் வீட்டில் இதற்கு என் மாமியார்தான் மறுமுனை. "நல்லா இழும்மா, பயப்படாத, கிழியாது" என்று சொல்லிக்கொண்டே அவர் இழுக்கிற இழுப்பில் நான்தான் இரண்டடி முன்னால் போவேன். தனியாக இருப்பவர்கள் ஒரு தலைப்பை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு இழுக்கலாம், ஆனால் பேச்சுத்துணை இருக்காது. இழுத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் ஒரு இரவு வைத்தால் சில சேலைகளுக்குப் பெட்டியே தேவையில்லை. செம்பில் தணலைப் போட்டு அதன் அடியால் துணியைத் தேய்த்த வீடுகளும் இருந்தன, அது இஸ்திரிப் பெட்டி வாங்க முடியாத காலம்.

தேய்க்கும்போது ஈரம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. பருத்தி என்பது செல்லுலோஸ், கஞ்சி என்பது ஸ்டார்ச். இரண்டுமே குளுக்கோஸைக் கோத்துக் கோத்துச் செய்தவை, கோர்க்கிற விதம்தான் வேறு. இரண்டும் ஒன்றையொன்றும் தம்மைத் தாமும் பிடித்துக்கொள்வது ஹைட்ரஜன் பிணைப்பால், அது தண்ணீர் பட்டால் விடும், தண்ணீர் போனால் மறுபடி பிடிக்கும். துணி கசங்குவது என்றால் கோணலான நிலையில் பிடித்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதை விடுவிக்கத் தண்ணீர் வேண்டும், நேராக்கப் பெட்டியின் கனம் வேண்டும், நேரான நிலையிலேயே மறுபடி பிடிக்கவைக்கத் தண்ணீரை ஓட்டுகிற சூடு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. காய்ந்த துணியில் சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் கசங்கல் படுக்குமே தவிரப் போகாது, கஞ்சி பழுத்து மஞ்சள் தட்டும். சொட்டச் சொட்ட இருந்தால் பெட்டியின் சூடெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடும், அரைகுறையாக வெந்த கஞ்சி பெட்டியின் அடியில் ஒட்டும்.

இதற்கு ஒரு பிரபலமான சாட்சி இருக்கிறது. காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது சலவைச் செலவு தாங்காமல், சலவை பற்றிய ஒரு புத்தகத்தை வாங்கிப் படித்துத் தானே துவைக்கவும் கஞ்சி போடவும் ஆரம்பித்தார். முதல் காலரில் கஞ்சி அதிகமாகிவிட்டது, பெட்டியில் சூடு போதவில்லை, கருகிவிடும் என்ற பயத்தில் அழுத்தியும் தேய்க்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்ததாம், கூட இருந்த வக்கீல்கள் சிரித்திருக்கிறார்கள். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். கஞ்சி அதிகம், சூடு குறைவு, அழுத்தம் குறைவு என்று மூன்று காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார் பாருங்கள், இதைவிட நல்ல பாடக்குறிப்பு நான் எங்கும் படித்ததில்லை. பிற்பாடு கை தேறிவிட்டது. 1912-இல் காந்தி குருவாக மதித்த கோகலே அங்கே வந்தபோது, கோகலேயின் குருவான ரானடே அவருக்குக் கொடுத்த அங்கவஸ்திரத்தை ஜோகன்னஸ்பர்க் விருந்துக்காகத் தேய்க்க வேண்டியிருந்தது, தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார், காந்தி அதைத் தேய்த்துக் கொடுத்துப் பாராட்டும் வாங்கினார்.

பெட்டிக்கு வருவோம். பெட்டியிலும் துணியின் சீட்டிலும் இருக்கிற புள்ளிகளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200 வரைக்கும். பருத்திக்கும் லினனுக்கும் மூன்று. ஆனால் கஞ்சி போட்ட பருத்தியை மூன்றில் வைத்துவிட்டு ஒரே இடத்தில் நிற்கக்கூடாது, கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீம் அயர்ன் இருந்தால் ஈரம் தெளிக்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள், சட்டைக்குச் சரி, கஞ்சி போட்ட கைத்தறிக்கு அந்த ஆவி போதவே போதாது. எனக்குப் பழைய கனமான டிரை அயர்ன்தான் பிடித்திருக்கிறது. கரண்ட் பயப்படுகிற அளவுக்கு ஆகாது. 1000 வாட் பெட்டி இடைவிடாமல் ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு யூனிட், தெர்மோஸ்டாட் நடுநடுவே நிறுத்துவதால் அதைவிடக் குறையும். ஒரே ஒரு சட்டைக்காகத் தினமும் காலையில் பெட்டியைச் சூடாக்குவதுதான் வீண், வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாக உட்காருங்கள். முதலில் சூடு குறைவாகக் கேட்கிற பாலியஸ்டர், கடைசியில் காட்டன்.

சேலை காய்ந்தே போய்விட்டது என்றால் பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்து, இறுக்கிச் சுருட்டி, துண்டு ஒன்றில் பொதிந்து அரைமணி வைத்தால் ஈரம் தானே சமமாகப் பரவும். தெளித்த உடனே தேய்த்தால் சொட்டு விழுந்த இடம் ஒரு மாதிரியும் விழாத இடம் ஒரு மாதிரியும் வரும். இந்த இரகசியத்தை எனக்குச் சொன்னது எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்திருக்கிற அண்ணன். அவசரமாக நின்ற ஒரு நாள், "அக்கா, இதுல ஈரம் பத்தாது. தெளிச்சு சுருட்டி வைக்கிறேன், சாயங்காலம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு ஒரு கடையில், பெரிய போர்டு வைத்த கடை, அப்படி எந்த மரியாதையும் கிடையாது, ரோல் பிரஸ் என்று கொடுத்த சேலை உட்கார்ந்தால் சத்தம் போடுகிற அளவுக்கு விறைத்துத் திரும்பி வந்தது, அதைத் தளர்த்த இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது.

அந்த அண்ணனின் கரிப்பெட்டி இப்போது கேஸ் பெட்டியாகிவிட்டது. கரி விலை, சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் பொத்தல் போடுகிற தொந்தரவு, காற்றில்லாத நாளில் கனன்று வராத தொல்லை என்று அவருக்கு நிறைய காரணம் உண்டு. கரிப்பெட்டியின் பெரிய பலம் அதன் கனம்தான், அழுத்தமே தேவையில்லை, தள்ளினால் போதும். ஆனால் நாள் முழுக்கத் தள்ளுகிற தோளுக்குத்தான் தெரியும் அது பலமா பாரமா என்று. நாம் வாரத்துக்கு ஒரு நாள் பொழுதுபோக்காகச் செய்வதை வைத்து "வீட்டிலேயே எவ்வளவு ஈஸி" என்று பேசும்போது இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்த வேலை மிகப் பழையது. நற்றிணையின் 90-ஆம் பாட்டில், திருவிழா நடக்கிற ஊரில் துணி கொடுப்பவர்கள் அத்தனை பேர் என்பதால் சலவைக்காரப் பெண்ணின் கைக்கு ஓய்வே இல்லை, இராத்திரியில் சோற்றுக்கஞ்சி தோய்த்துக் கொடுக்கிறாள். விழாவுக்கு யார் உடுத்தினார்கள், யார் இரவெல்லாம் விழித்திருந்தார்கள் என்பது அப்போதே பிரிந்திருக்கிறது. பிற்காலத்தில் அது சாதியாக இறுகி, வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொடுத்தவர்களுக்கு வீட்டு வாசலில் சோறு மட்டும் போட்டு அனுப்பிய கதையும் நமக்குத் தெரியும். கூலியைக் கையில் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள், இதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை.

கஞ்சி வெறும் அழகுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. வேர்வையும் தூசியும் நூலில் நேரடியாகப் படியாமல் கஞ்சிப் படலத்தின்மேல் உட்காரும், அடுத்த துவையலில் படலத்தோடு சேர்ந்து கழன்றுவிடும். கஞ்சி போட்ட வேட்டியின் கரை மிதிபட்ட அழுக்கு சுலபமாகப் போவது இதனால்தான். காற்றில் ஈரம் அதிகமான ஊரில் கஞ்சி மத்தியானத்துக்குமேல் தளரும், சென்னையில் இருந்த வருடங்களில் அங்கே சேலை பத்து மணிக்கு ஒரு மாதிரியும் மூணு மணிக்கு ஒரு மாதிரியும் இருக்கும், அதே சேலை சேலத்தில் சாயங்காலம் வரை நிற்கும். சென்னைக்காரர்கள் அதற்காகக் கெட்டியாகப் போட ஆரம்பித்தால் காலையில் பலகையைச் சுற்றிக்கொண்டு போவதுதான் மிச்சம்.

எடுத்து வைக்கிற துணிக்குக் கஞ்சி கூடாது. ராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் என்றால் உயிர், கரப்பானும் விடாது, ஐப்பசி மழையில் பூஞ்சையும் பிடிக்கும். நாலு மாதம் கட்டப்போவதில்லை என்றால் நன்றாக அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு, முழுக்கக் காயவைத்து மடியுங்கள்.

இன்னும் சில்லறை விஷயங்கள். பாலியஸ்டர் கலந்த சேலைக்குக் கஞ்சி பிடிக்காது, பிடித்தமாதிரி இருந்தாலும் தூளாகக் கொட்டும். பட்டுக்குப் போடவே வேண்டாம். ரவிக்கைக்கும் வேண்டாம், அக்குளில் உரசி எரியும். பெட்டியின் அடியில் கஞ்சி கருகி ஒட்டியிருந்தால் சூடான பெட்டியில் பாராசிட்டமால் மாத்திரையைத் தேய்க்கச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன, கறை போகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தப் புகையைக் கதவு சாத்திய அறையில் மூச்சிழுக்க வேண்டுமா? நியூஸ்பேப்பரில் கல்லுப்பைத் தூவி, மிதமான சூட்டில் அதன்மேல் நாலு தடவை ஓட்டி, ஆறியபிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். டெஃப்ளான் பூச்சு உள்ள பெட்டியென்றால் உப்பு வேண்டாம், கீறும், சோடா உப்பைக் குழைத்துத் தடவித் துடையுங்கள். வாஷிங் மெஷினில் கஞ்சி போடலாமா என்று கேட்கிறார்கள். கடைசி அலசலில் விட்டு ஓட்டலாம், ஆனால் அடுத்த சுற்று வெறும் சுடுதண்ணீரில் டிரம்மைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் ரப்பர் மடிப்பில் கஞ்சி தங்கி, புளித்து, நாலாம் நாள் போடுகிற துண்டில் வாடை வரும்.